ஒரே ஆம்ப், ரெண்டு கிடார்! உங்களுக்குத் தெரியுமா?

★ ஒயரே இல்லாத வாசிப்பு என்று டி.வி.யில் பெருமையடித்த நிகழ்ச்சி அது. 1993 நவம்பர் 18, நியூயார்க். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் கையில் அக்கூஸ்டிக் கிடார். அதன் ஒயர் போய்ச் சேர்ந்த இடம்? எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்! வெளியே தெரியக் கூடாது என்று ஆம்ப்புக்கு முன்னால் ஒரு டம்மிப் பெட்டி வேறு!

★ அந்தக் கிடார் 1959-ல் செய்த மார்ட்டின் டி-18இ. அந்த மாடலில் மொத்தமே 302 கிடார்கள்தான். 2020-ல் இது ஏலத்துக்கு வந்தது. போன விலை 60 லட்சம் டாலருக்கும் மேல்! அன்றைக்கு அது உலக சாதனை!

★ ஆக, ராசிங்காபுரத்துத் தம்பிகளே! ஞாயிறு காலை சர்ச்சில் அக்கூஸ்டிக், அன்றைக்கு ராத்திரியே கோயில் திருவிழாக் கச்சேரியில் எலெக்ட்ரிக் என்று ஓடுகிறீர்களா? ரெண்டு ஆம்ப் வாங்கிக் கடனாளி ஆகாதீர்கள்! ஒன்றே போதும். எந்த ஒன்று என்பதில்தான் சூட்சுமம்!

மலையடிவாரப் பெருமை

★ கிடார் எங்கேயோ லண்டன் சமாச்சாரம் என்று நினைப்பா? லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிடாருக்குத் தங்கப் பதக்கம் வாங்கியவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்! இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா!

★ அந்த ராஜாவுக்கு 100-வது படம் எது? 1980-ல் வந்த ‘மூடுபனி’. அதில் கதாநாயகன் கையில் என்ன? கிடாரேதான்!

★ 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் நிலாப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? கிடார் வாங்கிய எல்லாப் பையன்களும் முதலில் அதைத்தான் மீட்டிப் பார்ப்பார்கள்! அதற்கு வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். எந்த கிடார் தெரியுமா? அக்கூஸ்டிக்!

★ ராஜா பதக்கம் வாங்கிய கிளாசிக்கல் கிடாருக்கு நைலான் தந்தி. அதே நைலானை எலெக்ட்ரிக் கிடாரில் மாட்டி, ஆம்ப்பை முழு வால்யூமில் வையுங்கள். தந்தியின் ஆட்டத்தைப் பிடிக்கிற பிக்கப்பில் பதிகிற சத்தம்? பூஜ்யம்! எலெக்ட்ரிக் கிடாரில் இருப்பது காந்தப் பிக்கப். அதற்கு இரும்பு ஆடினால்தான் காது கேட்கும்!

★ நைலானுக்கு முன்னால் என்ன தந்தி? ஆட்டுக்குடல்! இரண்டாம் உலகப் போரில் காயம் தைக்கிற நூலுக்கே குடல் போய்விட்டது. கிடாருக்குத் தட்டுப்பாடு. 1940-களில் நைலான் உள்ளே நுழைந்தது. அப்புறம் வெளியேறவே இல்லை!

★ அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி பிரேசில் ஈட்டி மரத்தை விட்டுவிட்டு, 1969-ல் ஒரு புது மரத்துக்கு மாறியது. எந்த ஊர் மரம்? இந்திய ஈட்டி! நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற அதே தோதகத்திதான்!

★ அந்த மரம் சொந்தப் பட்டாவில் நின்றாலும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டார்கள். ஆண்டு 1994!

★ கழுத்தில் கருங்காலி மாலை போட்டிருக்கிறீர்களா? விலை உயர்ந்த கிடார்களுக்கும் கழுத்தில் கருங்காலிதான்! விரல் வைத்து அழுத்துகிற அந்தக் கறுப்புப் பலகை கருங்காலி இனத்து மரம்!

★ சாதாரண ஸ்டீல் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிடாரில் ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கிற இழுவை எவ்வளவு? சுமார் 70 கிலோ! அதைத் தாங்கி நிற்கிற மேல் பலகையின் கனம்? 3 மில்லிமீட்டர் சொச்சம்!

★ போடிமெட்டு ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே எஸ்டேட்டில் கச்சேரி. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்பைத் தூக்கிப் போனால் எடை 29 கிலோ. ஜெர்மனியின் ஏஇஆர் காம்பாக்ட் 60 என்ற அக்கூஸ்டிக் ஆம்ப்பின் எடை? வெறும் 6.5 கிலோ! பவர் மட்டும் 60 வாட்ஸ்!

பிக்கப் புதிர்

★ எலெக்ட்ரிக் கிடார் பிக்கப்பைப் பிரித்துப் பாருங்கள். தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரே ஒரு பிக்கப்புக்கு எத்தனை சுற்று? 7,000-க்கும் மேல்!

★ பிக்கப் வைத்த பெரும்பாலான அக்கூஸ்டிக் கிடார்களில் காந்தமும் இல்லை, சுற்றும் இல்லை. தந்தி உட்கார்ந்திருக்கிற வெள்ளைப் பட்டைக்கு அடியில் மெல்லிய பீசோ துண்டு. அமுக்கினால் கரண்ட் தரும். அடுப்படி கேஸ் லைட்டரில் ‘டக்’ என்று பொறி பறக்கிறதே, அதுவும் இதே பீசோதான்!

★ இந்த பீசோ வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும். ஆண்டு 1880! எலெக்ட்ரிக் கிடார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்னால்!

★ பீசோ கிடாரை நேராக மைக் செட் ஆம்ப்பின் மைக் ஓட்டையில் சொருகினால் சத்தம் தகரமாகக் கேட்கும். கிடாரைத் திட்டாதீர்கள்! பீசோவுக்குக் குறைந்தது 10 லட்சம் ஓம் இன்புட் வேண்டும். மைக் ஓட்டையில் கிடைப்பது சில ஆயிரம் ஓம்தான்!

★ பீசோ வைத்த மேடைக் கிடாரைப் பிரபலமாக்கிய ஓவேஷன் கம்பெனியை ஆரம்பித்தவர் சார்லஸ் கேமன். அவருடைய அசல் தொழில்? ஹெலிகாப்டர் தயாரிப்பு!

★ அக்கூஸ்டிக் கிடாரின் பக்கவாட்டில் வால்யூம் குமிழ் வைத்த சின்னப் பெட்டி இருக்கிறதா? உள்ளே 9 வோல்ட் பேட்டரி. அதற்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் எங்கே? தேடாதீர்கள், கிடையாது! ஒயரைச் சொருகுவதுதான் சுவிட்ச். வாசித்து முடித்து ஒயரை உருவாமல் தூங்கினால், விடிய விடிய பேட்டரி கரையும்!

★ அந்த ஒயர் முனையில் இருக்கிற கால் இஞ்ச் ஜாக்? கிடாருக்காகப் பிறந்ததே இல்லை! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் மாற்றிக் கொடுக்கச் செய்தது. வயது 140-க்கும் மேல்!

★ எலெக்ட்ரிக் கிடாருக்கு 10 மீட்டர் ஒயர் வாங்கி மேடை முழுக்க ஓடலாம் என்று ஆசையா? ஒயர் நீள நீள, கீச்சுச் சத்தம் ஒயருக்குள்ளேயே செத்துப் போகும்! பேட்டரி போட்ட அக்கூஸ்டிக் கிடாருக்கு அந்தப் பயமே இல்லை!

பெட்டிக்குள்ளே பார்த்தால்...

★ மனிதக் காது கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். புகழ்பெற்ற செலஷன் விண்டேஜ் 30 கிடார் ஸ்பீக்கரின் எல்லை? 5,000-தான்! அதற்கு மேல் இருப்பதையெல்லாம் அது விழுங்கிவிடும்!

★ விழுங்குவதுதான் அதன் பெருமையே! முரட்டு டிஸ்டார்ஷனை ட்வீட்டர், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர் வழியாகக் கேட்டுப் பாருங்கள். தகரத்தில் ஆணியால் கீறியது போலக் காது கூசும்! அதனால்தான் எலெக்ட்ரிக் ஆம்ப்பில் ட்வீட்டரே வைப்பதில்லை!

★ அக்கூஸ்டிக் ஆம்ப் நேர் எதிர். பாடகர் குரல், தந்தியின் மினுமினுப்பு, நகம் உரசுகிற சத்தம் வரை வெளியே வர வேண்டும். பலவற்றில் தனி ட்வீட்டர். பலவற்றில் மைக் சொருகத் தனி ஓட்டை. சிலவற்றில் அந்த மைக் ஒயர் வழியாகவே மைக்குக்கு 48 வோல்ட் சப்ளை!

★ மாற்றிச் சொருகினால் வெடித்துவிடுமா? வெடிக்காது! எலெக்ட்ரிக் ஆம்ப்பில் அக்கூஸ்டிக் சொருகினால் சத்தம் போர்வைக்குள் போகும். அக்கூஸ்டிக் ஆம்ப்பில் எலெக்ட்ரிக் சொருகினால் கிளீன் டோன் கண்ணாடி! டிஸ்டார்ஷன் மட்டும்தான் கண்ணாடித் தூள்!

★ அந்தத் தூளுக்கும் மருந்து இருக்கிறது! கேபினட் சிமுலேஷன் உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்று. காலடியில் அதை வைத்தால், அந்த 5,000 ஹெர்ட்ஸ் வேலியை அதுவே போட்டுவிடும். ட்வீட்டர் உள்ள ஆம்ப்பிலும் ராக் வாசிக்கலாம்!

★ இங்கேதான் ரகசியமே! அகலமாகக் கேட்கிற ஸ்பீக்கரைப் பெடல் வைத்துக் குறுக்கிவிடலாம். குறுகிய ஸ்பீக்கரை எந்தப் பெடலாலும் அகலமாக்க முடியாது! ஒரே ஒரு ஆம்ப்தான் வாங்குவேன் என்றால் அக்கூஸ்டிக்குக்கு ஏற்றதை வாங்குங்கள். எலெக்ட்ரிக்குக்குப் பெடலை வாங்குங்கள்!

★ திருவிழாவில் கடைசிக் குழாய் ஸ்பீக்கர் வரைக்கும் கிடாரின் அடித் தந்தி கேட்கிறது என்கிறீர்களா? அந்தத் தந்தி 82 ஹெர்ட்ஸ். திருவிழாக் குழாயால் அதை உருப்படியாக எழுப்பவே முடியாது! மேலே வருகிற கிளைச் சத்தங்களை வைத்து உங்கள் மூளையே அடிச் சத்தத்தைப் போட்டுக்கொள்கிறது!

★ ஆம்ப் உலகத்தின் பிதாமகன் லியோ ஃபெண்டர். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர். அவருக்குக் கிடார் வாசிக்க எவ்வளவு தெரியும்? துளியும் தெரியாது!

★ ராக் என்றாலே மார்ஷல் ஆம்ப். ஆரம்பித்த ஜிம் மார்ஷல் யார்? லண்டனில் ட்ரம்ஸ் விற்ற கடைக்காரர்! அவர்களுடைய முதல் ஆம்ப், ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்பைப் பார்த்து உருவானது!

★ 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸுக்குத் தன் குட்டி ஆம்ப்பின் சத்தம் பிடிக்கவில்லை. என்ன செய்தார்? ஸ்பீக்கர் பேப்பரை பிளேடால் கிழித்தார்! அந்தக் கிழிசல் சத்தம் இங்கிலாந்தின் நம்பர் 1 பாட்டானது!

★ பழைய ஃபெண்டர் ஆம்ப்பில் வருகிற ‘குகை’ எஃபெக்ட் எங்கிருந்து? உள்ளே நிஜமாகவே ஸ்பிரிங் தொங்கும்! ஆன் செய்துவிட்டு ஆம்ப்பை லேசாக உதைத்தால் ஸ்பீக்கரில் இடி இடிக்கும்!

★ ரோலண்ட் ஜேசி-120. 60 வாட்ஸ் ஆம்ப் ரெண்டு, 12 இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு, ஒரே பெட்டி. கிளீன் டோனுக்கு உலகப் புகழ். மார்க்கெட்டுக்கு வந்தது 1975-ல்!

ஊளை ரகசியம்

★ மைக் ஊளையிட்டால் மைக் செட்காரரை எல்லோரும் முறைப்போம். பீட்டில்ஸ் என்ன செய்தார்கள்? 1964-ல் அந்த ஊளையையே ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டின் ஆரம்பத்தில் வைத்தார்கள்! ஊளையிட்டது? பிக்கப் வைத்த ஒரு அக்கூஸ்டிக் கிடார்!

★ அக்கூஸ்டிக் கிடார் மட்டும் ஏன் சீக்கிரம் ஊளையிடும்? அதன் வயிற்றுக்குள் அடைபட்ட காற்று, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானே துள்ளும். ஆம்ப் அதே சத்தத்தை அனுப்பினால் போதும், கிடார் தானாகவே பாடும்!

★ மருந்தின் விலை? சில்லறைக் காசு! கிடாரின் வட்ட ஓட்டையை அடைக்க ஒரு ரப்பர் மூடி. ஓட்டையின் அகலம் சுமார் 10 சென்டிமீட்டர். அவ்வளவுதான், ஊளை அடங்கும்!

★ நல்ல அக்கூஸ்டிக் ஆம்ப்பில் ‘நாட்ச்’ என்று ஒரு குமிழ் இருக்கும். ஊளையிடும்போது அதை மெதுவாகத் திருகிக்கொண்டே வாருங்கள். ஒரு இடத்தில் சட்டென்று சத்தம் நிற்கும். ஊளையிடும் அந்த ஒரு சுரத்தை மட்டும் அது கத்தரித்துவிட்டது! மற்றதெல்லாம் அப்படியே!

★ ‘ஃபேஸ்’ என்ற பட்டன் எதற்கு? ஒரே அழுத்தில் அலை தலைகீழாகும். மேலே போவது கீழே, கீழே போவது மேலே. கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கிடாருக்குத் தெரியும், பல நேரம் ஊளையை நிறுத்திவிடும்!

★ ஆம்ப்பில் ‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல் வருகிறதே, அது என்ன சுரம் தெரியுமா? நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ‘ஜி’! அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அது எந்தச் சுரத்திலும் ஒழுங்காக உட்காராது. நம் கரண்டுதான் ஸ்ருதிக்குக் கொஞ்சம் பக்கம்!

★ அந்த இரைச்சலைக் கொல்ல 1955-ல் கிப்சன் கம்பெனியின் செத் லவர் ஒரு வழி கண்டார். ஒரு காயிலுக்குப் பதில் ரெண்டு. ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். இரைச்சலும் இரைச்சலும் மோதிச் செத்தன. கிடார் சத்தம் மட்டும் பிழைத்தது!

வாட்ஸ் வேடிக்கை

★ 50 வாட்ஸ் ஆம்ப்பை விற்று 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா? ஆகவே ஆகாது! கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க எத்தனை மடங்கு வாட்ஸ் வேண்டும்? 10 மடங்கு!

★ பாஸ் கட்டானா 50 என்ற ஆம்ப்பில் ஒரு சுவிட்ச் உண்டு. வீட்டில் பாட்டி தூங்கும்போது அதைக் குறைத்து வைக்கலாம். எவ்வளவுக்கு? அரை வாட்டுக்கு!

★ மலையில் கரண்ட் போய்விட்டதா? ரோலண்ட் க்யூப் ஸ்ட்ரீட் ஆம்ப்பில் மைக்குக்கு ஒரு வழி, கிடாருக்கு ஒரு வழி. 6 பென் டார்ச் செல் போட்டால் போதும். அல்கலைன் செல் என்றால் 15 மணி நேரம் வரை பாடும்!

★ யமஹா டிஎச்ஆர்10. 2011-ல் வந்தது. டிபன் கேரியர் சைஸ். அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக், பேஸ் என்று எல்லாவற்றுக்கும் ஒரே குமிழ். ஸ்பீக்கரின் அகலம்? 8 சென்டிமீட்டர்!

★ கிடார் பிக்கப் தருவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு மாதிரிதான். 50 வாட்ஸ் ஆம்ப் முழு வீச்சில் 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தருவது 20 வோல்ட். பெரிதாக்கியது 200 மடங்கு!

★ அமெரிக்கா மாமா ஆம்ப் வாங்கி அனுப்புகிறாரா? பின்பக்கத்தை ஒரு தடவை படியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230! டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் முதல் பாட்டே கடைசிப் பாட்டு!

★ வால்வு ஆம்ப்பைத் திறந்து பார்க்க ஆசையா? வேண்டாம்! பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் காத்திருக்கலாம்!

★ ஆம்ப்பை 3 மீட்டர் தள்ளி வைத்து வாசித்தால் உங்கள் சத்தம் உங்களுக்கே 9 மில்லி செகண்ட் தாமதமாக வரும். 170 மீட்டர் தள்ளி இருக்கிற பாறையைப் பார்த்து வாசித்தால்? எதிரொலி வர முழுசாக 1 செகண்ட்! எக்கோ பெடலே வேண்டாம்!

வாங்கப் போகிறீர்களா?

★ ரெண்டு கிடாரையும் கடைக்குத் தூக்கிப் போங்கள். கடைக் கிடாரில் கேட்டு வாங்கினால் கடைக் கிடாருக்குப் பொருத்தமான ஆம்ப்தான் வீட்டுக்கு வரும்!

★ முதலில் அக்கூஸ்டிக். எல்லாக் குமிழையும் நடுவில் வையுங்கள். ஒரே ஒரு தடவை ஆறு தந்தியையும் இழுத்துவிட்டுக் கையை எடுங்கள். அடித் தந்தி ‘தொம்’ என்று வீங்கினால் நகருங்கள். ஆறும் தனித்தனியாகக் கேட்டால் பர்ஸைத் திறக்கலாம்!

★ அடுத்து எலெக்ட்ரிக். கிளீனில் கேட்டு மயங்காதீர்கள். பெடலை மிதித்து முரட்டுச் சத்தத்தில் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் காது கூசினால் ட்வீட்டரைக் குறைக்க வழி உண்டா என்று கேளுங்கள். சில ஆம்ப்பில் அதற்கே தனிக் குமிழ்!

★ ரெண்டு சேனல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் அக்கூஸ்டிக், ஒன்றில் எலெக்ட்ரிக். பாட்டுக்கு நடுவில் ஒயரைப் பிடுங்கிச் சொருகினால் ஸ்பீக்கரில் ‘டொப்’! ரெண்டு சேனல் என்றால் அந்தக் கதையே இல்லை!

★ பல ஆம்ப்களின் சத்தத்தைப் போலி செய்கிற மாடலிங் ஆம்ப்பா? பாஸ் கட்டானா வரிசை 2016-ல் வந்தபோது அதில் ஐந்து வகை. கிளீன், க்ரஞ்ச், லீட், பிரவுன்... ஐந்தாவது? அக்கூஸ்டிக்! எலெக்ட்ரிக் ஆம்ப் செய்கிறவர்களே உங்கள் ரெண்டாவது கிடாருக்கு இடம் விட்டிருக்கிறார்கள்!

★ மாடலிங் ஆம்ப்பில் பெரும்பாலும் ட்வீட்டர் இருக்காது. நேரம் முக்கால்வாசி எலெக்ட்ரிக் என்றால் தாராளமாக வாங்குங்கள். பாதிக்கு மேல் அக்கூஸ்டிக் என்றால் ட்வீட்டர் பக்கம் சாயுங்கள்!

★ மெட்ராஸில் வாங்கினால் ஊருக்கு எப்படி வரும் என்ற கவலையா? 2023 ஜூன் 15 முதல் சென்னையிலிருந்து போடிக்கு நேரடி ரயில்! சின்ன ஆம்ப் என்றால் சீட்டுக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டு வரும்!

★ ரெண்டு கிடாருக்கு ஒரு ஆம்ப் தேடி அலைகிறோம். ஃபெண்டர் கம்பெனி 2019-ல் பிரச்சினையையே கவிழ்த்துப் போட்டது! அக்கூஸ்டிக், எலெக்ட்ரிக் ரெண்டு சத்தமும் ஒரே கிடாரில்! பெயர் அக்கூஸ்டாசோனிக் டெலிகாஸ்டர். ரெண்டு கிடார் ஒன்றாகிவிட்டது, சரி. அதன் ரெண்டு குரலும் முழுசாகக் கேட்க எப்படிப்பட்ட ஆம்ப் வேண்டும்? ட்வீட்டர் வைத்த, அகலமாகக் கேட்கிற அதே ஆம்ப்தான்!